உருவாக்கப்பட்ட தனிமை: லிசார்டு தீவின் வரலாறும் சொகுசுச் சுற்றுலாவும்

ஆய்வுச் சுருக்கம்

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக் கடல் பூங்காவினுள் அமைந்துள்ள லிசார்டு தீவு, உலகின் புகழ்பெற்ற சொகுசு விடுதித் தீவுகளுள் ஒன்றாகும். மனித நடமாட்டம் குறைந்த தனிமையே அங்குத் தங்க வருவோரை ஈர்க்கும் முதன்மைச் சிறப்பாக முன்னிறுத்தப்படுகிறது. இத்தனிமை இயற்கையாக அமைந்ததன்று. 1770 முதல் நிகழ்ந்த பெயரிடல், கடலட்டை வணிகம், 1881ஆம் ஆண்டு வன்முறை, பாதுகாப்புச் சட்டங்கள் ஆகியவற்றின் விளைவாக உருவானது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அண்மைக்கால அகழாய்வும் பவளங்களின் வெளிறலும் இத்தனிமை குறித்த கருத்தை எவ்வாறு மறுபரிசீலனைக்கு உட்படுத்துகின்றன என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: லிசார்டு தீவு, டிங்கால் மக்கள், கடலட்டை வணிகம், கடல் பூங்கா, சொகுசுச் சுற்றுலா, பவள வெளிறல்

முன்னுரை

குயின்ஸ்லாந்து மாநிலத்தின் கெயின்ஸ் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 240 கி.மீ. தொலைவில், பெருநிலத்திலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. கடல் கடந்து லிசார்டு தீவு அமைந்துள்ளது. கருங்கல் குன்றுகளும் புல்வெளிகளும் கொண்ட இத்தீவின் பரப்பு ஏறத்தாழ 10 சதுர கி.மீ. மட்டுமே. அருகிலுள்ள பால்ஃப்ரே, தெற்குத் தீவு முதலிய சிறு தீவுகளுக்கும் இதற்கும் இடையே நீலக் காயல் எனப்படும் ஆழமற்ற நீர்ப்பரப்பு உள்ளது. கெயின்ஸிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரச் சிறு விமானப் பயணத்தில் இங்கு வந்து சேரலாம். ஏறத்தாழ 40 அறைகளே கொண்ட விடுதிக்கு 24 கடற்கரைகள் என்னும் கணக்கு, சுற்றுலா எழுத்துகளில் தவறாமல் இடம்பெறுகிறது. கடற்கரைகளில் கூட்டத்தைக் காண நேராது என்பதே இக்கணக்கின் உட்பொருள்.

தீவு விடுதிகளைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இயற்கை வருணனையோடு நின்றுவிடுகின்றன. ஆளற்ற கடற்கரை ஏன் ஆளற்றதாயிற்று என்ற வினா அவற்றில் எழுவதில்லை. லிசார்டு தீவைப் பொறுத்தவரை அவ்வினாவுக்கு விடை காணப் போதிய சான்றுகள் உள்ளன. கடற்பயணக் குறிப்புகள், ஒரு பெண்ணின் நாட்குறிப்பு, சட்டங்கள், அகழாய்வு முடிவுகள் ஆகிய நால்வகைச் சான்றுகளின் துணைகொண்டு இக்கட்டுரை அமைகிறது.

பெயரும் பெயர் மாற்றமும்

இத்தீவின் பழம்பெயர் ஜீகுரு. இது டிங்கால் மக்களின் மரபுவழி நிலம். இளைஞர்களுக்குச் சடங்குகள் நிகழ்த்தப்பட்ட புனித இடமாகவும், ஆமை, மீன், சிப்பி ஆகியவற்றுக்கான பருவகால உணவிடமாகவும் இது விளங்கியது.

1770 ஜூன் 11ஆம் நாள் ஜேம்ஸ் குக் தலைமையிலான எண்டெவர் கப்பல் பவளத்திட்டில் மோதிச் சேதமுற்றது. இன்றைய குக்டவுன் அமைந்துள்ள ஆற்று முகத்துவாரத்தில் கப்பலைச் செப்பனிட்ட பின், திட்டுகளுக்கு இடையே வெளிக்கடலுக்குச் செல்லும் வழி தெரியாமல் குக் இடர்ப்பட்டார். உயரமான இடத்திலிருந்து வழியைக் கண்டறியும் பொருட்டு, ஆகஸ்டு 11, 12 ஆகிய நாள்களில் ஜோசப் பேங்க்ஸுடன் இத்தீவின் குன்றின்மீது ஏறினார். 359 மீட்டர் உயரமுள்ள அக்குன்றிலிருந்து வெளித்திட்டின்மீது அலைகள் உடைவதையும் அவற்றுக்கிடையே இருந்த இடைவெளிகளையும் கண்டார். அவ்வழியாகவே கப்பல் வெளியேறியது.

தீவில் தாம் கண்ட பெரிய பல்லியினங்களை வைத்து இதற்கு லிசார்டு எனக் குக் பெயரிட்டார். அவர் கண்டவை உடும்பு இனத்தைச் சேர்ந்தவை. எனவே தமிழில் இதனைப் பல்லித் தீவு என்பதைக் காட்டிலும் உடும்புத் தீவு என்பதே பொருந்தும். குன்றின் உச்சி பின்னாளில் குக்கின் பெயரையே பெற்றது.

குக்கும் பேங்க்ஸும் தீவை ஆளற்றதாகக் குறிக்கவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. பழங்குடில்களின் எச்சங்களையும் சிப்பி ஓட்டுக் குவியல்களையும் கண்டு, பெருநிலத்து மக்கள் இங்கு வந்து செல்கின்றனர் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். ஆயினும் பத்து நாள்களுக்குப் பின், ஆகஸ்டு 22ஆம் நாள், வடக்கே மற்றொரு சிறு தீவில் நின்று கிழக்குக் கடற்கரை முழுவதையும் பிரித்தானிய மன்னரின் பெயரால் உரிமை கோரினார் குக். மக்கள் இருப்பதை அறிந்திருந்தும் நிலத்தின்மீது அவர்களுக்கு உரிமை உண்டெனக் கொள்ளாத பார்வை அவரிடம் வெளிப்படுகிறது. நிலம் உடைமையாளர் அற்றது என்னும் கோட்பாடாக இப்பார்வை பின்னர் நிலைபெற்றது. அதனை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் நிராகரிக்க 1992ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அத்தீர்ப்புக்குக் காரணமான மாபோ வழக்கும் டோரஸ் நீரிணையின் ஒரு சிறு தீவிலிருந்தே எழுந்தது.

கடலட்டையும் குடியேற்றமும்

1873ஆம் ஆண்டு பால்மர் ஆற்றுப் பகுதியில் தங்கம் கண்டறியப்பட்டதையொட்டிக் குக்டவுன் துறைமுகம் உருவானது. ஐரோப்பியரும் சீனரும் ஆயிரக்கணக்கில் வந்திறங்கினர். உள்நாட்டில் நிலத்தை இழந்த பழங்குடி மக்களுக்கும் குடியேறியவர்களுக்கும் இடையே மோதல்கள் தொடர்ந்தன. குடியேறியவர்களுக்குத் துணையாகக் குயின்ஸ்லாந்தின் பழங்குடிக் காவற்படை செயற்பட்டது. பழங்குடி ஆட்களைக் கொண்டு, வெள்ளை அதிகாரிகளின் தலைமையில் இயங்கிய இப்படை தண்டனைத் தாக்குதல்களுக்குப் பெயர்பெற்றது.

கடலில் இவ்விரிவாக்கத்தை முன்னெடுத்தது கடலட்டை வணிகம். சீனச் சந்தைக்கான கடலட்டை, குடல் நீக்கி, அவித்து, புகையூட்டி, காயவைத்து அனுப்பப்பட வேண்டிய சரக்கு. இத்தொழிலுக்குக் கடல் மட்டும் போதாது. அவிப்பதற்கு விறகும், குடிப்பதற்கு நன்னீரும், உலர்த்துவதற்குக் கரையும் தேவை. மன்னார் வளைகுடா, பாக் நீரிணைக் கரைகளில் இதே முறையில் பதப்படுத்தப்பட்ட கடலட்டை கீழைநாட்டுச் சந்தைகளுக்குச் சென்றதைத் தமிழ்க் கடலோர வரலாறு அறியும். ஆகவே கடலட்டை எடுப்போர் ஒரு தீவில் இறங்கினால், கடலோடு நில்லாது அத்தீவின் சுனையையும் மரத்தையும் கைக்கொண்டனர். லிசார்டு தீவில் மோதலுக்கான பொருளியல் அடிப்படை இதுவே.

1881: ஒரு தொட்டியும் இரு நினைவுகளும்

ராபர்ட் வாட்சன் என்பவர் தம் கூட்டாளியுடன் சேர்ந்து லிசார்டு தீவில் கடலட்டை நிலையம் நடத்தி வந்தார். 1881 செப்டம்பரில் அவ்விருவரும் வேறு திட்டுகளைத் தேடிச் சென்றனர். அவருடைய மனைவி மேரி வாட்சனும், சில மாதங்களே ஆன குழந்தை ஃபெரியரும், ஆ லியுங், ஆ சாம் என்னும் இரு சீனப் பணியாளர்களும் தீவில் இருந்தனர். மேரிக்கு அப்போது வயது 21.

செப்டம்பர் இறுதியில் பெருநிலத்திலிருந்து வந்த பழங்குடியினர் ஆ லியுங்கைக் கொன்றனர். ஆ சாம் ஈட்டிக் காயமுற்றார். அக்டோபர் தொடக்கத்தில் மேரி, குழந்தையையும் ஆ சாமையும் உடன்கொண்டு, கடலட்டை அவிக்கப் பயன்பட்ட இரும்புத் தொட்டியொன்றில் ஏறிக் கடலில் தப்பினார். அலையும் நீரோட்டமும் அவர்களை ஹோவிக் தீவுக்கூட்டத்தின் நீரற்ற திட்டொன்றில் சேர்த்தன. அங்கே மூவரும் தாகத்தால் இறந்தனர். தொட்டியிலும் மேரி எழுதிவந்த நாட்குறிப்பு அக்டோபர் 11ஆம் நாளோடு நின்றுவிடுகிறது. 1882 ஜனவரியில் உடல்கள் கண்டெடுக்கப்பட்டபோது தொட்டியில் மழைநீர் தேங்கியிருந்தது.

இந்நிகழ்வின் பின்விளைவுகளே தீவின் வரலாற்றைத் தீர்மானித்தன. மேரியும் குழந்தையும் கொல்லப்பட்டதாகக் கருதி, அவர்களுடைய உடல்கள் கிடைப்பதற்கு முன்பே, பெருநிலக் கரையில் பழிவாங்கும் தாக்குதல்கள் நிகழ்த்தப்பட்டன. கொல்லப்பட்ட பழங்குடியினரின் பெயர்கள் பதிவாகவில்லை. எண்ணிக்கையிலும் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. மறுபுறம், மேரியின் இறுதி ஊர்வலத்தில் குக்டவுன் நகரமே திரண்டது. 1886இல் அந்நகரின் முதன்மைத் தெருவில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. தாகத்தால் இறந்தவரின் நினைவாக அது ஒரு குடிநீர் ஊற்றின் வடிவில் அமைந்தது. அவர் தப்பிய தொட்டி குயின்ஸ்லாந்து அருங்காட்சியகத்தின் உடைமையாயிற்று. தீவின் ஒரு விரிகுடாவும் வாட்சன் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மேரி வாட்சனின் துயரம் உண்மையானது. அவருடைய மனவுறுதி மதிக்கத்தக்கது. ஆனால் இந்நிகழ்வைத் தனியொரு பெண்ணின் வீரக்கதையாக மட்டும் நினைவுகூர்வது, அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றை மறைத்துவிடுகிறது. சடங்குகளுக்குரிய புனிதத் தீவில், அதன் நீர்நிலைக்கு அருகே, உரியவர்களின் இசைவின்றி நிலையம் அமைக்கப்பட்டது. தாக்குதலை விளக்கும் எழுத்துகள் பலவும் இதனைச் சுட்டியே தொடங்குகின்றன. ஒரு தரப்பின் இழப்புக்கு நாட்குறிப்பும் கல்லும் கிடைத்தன. மறுதரப்பின் இழப்புக்கு அவை கிடைக்கவில்லை. ஆவணங்களின் இச்சமனின்மையைக் கருத்திற்கொள்ளாமல் இத்தீவின் வரலாற்றை எழுத இயலாது.

இதன் பின்னர் அப்பகுதிப் பழங்குடியினரின் வாழ்வு அரசு, சமயப்பணி நிலையங்கள் ஆகியவற்றின் கட்டுப்பாட்டுக்குள் சென்றது. 1886இல் கேப் பெட்ஃபோர்டில் லூத்தரன் திருச்சபையினர் பணிநிலையம் அமைத்தனர். 1897ஆம் ஆண்டுச் சட்டம் பழங்குடியினரை விருப்பப்படி இடம்பெயர்க்கும் அதிகாரத்தைக் குயின்ஸ்லாந்து அரசுக்கு வழங்கியது. 1942இல், இரண்டாம் உலகப் போரின்போது, கேப் பெட்ஃபோர்டு மக்கள் தெற்கே வெகுதொலைவிலுள்ள வூரபிண்டாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நோயால் பலர் அங்கு இறந்தனர். எஞ்சியோர் திரும்பிவரத் தொடங்கியது 1949ஆம் ஆண்டில்தான். கடற்கரையிலேயே வாழ இயலாதவர்கள் கடல் கடந்து தீவுக்குப் பருவந்தோறும் செல்வது எங்ஙனம்? தீவின் ஆளின்மைக்கான முதன்மைக் காரணம் இதில் அடங்கியுள்ளது.

பாதுகாப்பும் விடுதியும்

மக்கள் கரையிலிருந்து அகற்றப்பட்டுவந்த இதே காலப்பகுதியில், 1939ஆம் ஆண்டு, லிசார்டு தீவு தேசியப் பூங்காவாக்கப்பட்டது. இவ்விரு நிகழ்வுகளும் ஒரே திட்டத்தின் பகுதிகள் எனக் கூறச் சான்றில்லை. ஆயினும் பூங்கா என்னும் வகைமை, தீவை மனித வரலாறு அற்ற இயற்கைப் பரப்பாகக் காணும் பார்வைக்குச் சட்ட வடிவம் அளித்தது எனலாம்.

1970களில் தீவில் இரு நிறுவனங்கள் வேரூன்றின. 1973இல் ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் இங்கு ஆய்வு நிலையத்தைத் தொடங்கியது. இந்நிலையத்தை அடிப்படையாகக் கொண்டு இதுவரை இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட ஆய்வு வெளியீடுகள் வந்துள்ளன. அதே பதிற்றாண்டில் சுற்றுலா விடுதியும் விமானத் தளமும் அமைந்தன. விடுதியின் தொடக்க காலத்தில் அருகமைக் கடலில் கருங்கொப்பரன் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிக்கும் பொழுதுபோக்கு ஒரு பெரும் ஈர்ப்பாக இருந்தது. ரிப்பன் திட்டு 10இன் முனையில் பெரிய களவா இன மீன்கள் கூடும் காட்ஹோல் என்னும் முக்குளிப்பு இடம் மற்றோர் ஈர்ப்பாயிற்று. மீனைப் பிடிக்கும் ஆர்வம் படிப்படியாக மீனைப் பார்க்கும் ஆர்வமாக மாறியது பவளத்திட்டுச் சுற்றுலாவின் போக்கைக் காட்டுகிறது.

1975ஆம் ஆண்டுச் சட்டம் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக் கடல் பூங்காவை உருவாக்கியது. சுண்ணாம்புக்கல் அகழ்வு, எண்ணெய்த் துரப்பணம் ஆகிய திட்டங்களுக்கு எதிரான மக்கள் இயக்கமே அச்சட்டத்திற்கு வழிவகுத்தது. 1981இல் இப்பகுதி உலகப் பாரம்பரியச் சின்னமானது. 2004ஆம் ஆண்டு மறுமண்டலமாக்கலின்போது மீன்பிடித்தல் தடைசெய்யப்பட்ட பரப்பு 5 விழுக்காட்டுக்கும் குறைவான நிலையிலிருந்து ஏறத்தாழ 33 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. இந்நடவடிக்கைகளால் திட்டுகள் பெற்ற நன்மையைக் குறைத்து மதிப்பிட இயலாது. எண்ணெய்த் துரப்பணம் நிகழ்ந்திருந்தால் திட்டுகள் பெரும் பாதிப்புக்கு உள்ளாகியிருக்கக்கூடும்.

ஆயினும் பாதுகாப்பு மற்றொரு விளைவையும் தந்தது. கட்டட விரிவாக்கத்திற்கு இடமற்ற தீவில் அறைகளின் எண்ணிக்கை குறைவாகவே இருக்கும். குறைவான அறைகள் உயர்ந்த கட்டணத்தைப் பெறும். இவ்வாறு, பொதுநலன் கருதி விதிக்கப்பட்ட கட்டுப்பாடே தனிமையை அரிய சரக்காக்கியது. இதே தேசியப் பூங்காவின் வாட்சன் விரிகுடாவில், கூடாரமிட்டுத் தங்குவோருக்குச் சிறியதொரு முகாமிடமும் உள்ளது. பொதுமக்களுக்குரிய பூங்கா என்னும் கோட்பாட்டை அம்முகாமிடம் நினைவூட்டுகிறது. ஆனால் அதனை அடைவதற்கும் படகோ விமானமோ தேவைப்படுவதால், நடைமுறையில் அந்த உரிமையும் வசதி படைத்தோருக்கே எளிதாகிறது.

இவ்விடத்தில் தமிழகச் சூழலோடு ஓர் ஒப்பீடு பயன்தரும். 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவில் 21 தீவுகள் அடங்கும். 2001இல் கடலட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அத்தீவுகளில் சொகுசு விடுதிகள் தோன்றவில்லை. ஆனால் தலைமுறைகளாகத் தீவுகளையும் கடலட்டையையும் சார்ந்து வாழ்ந்த மீனவர்களின் நுழைவுரிமை அங்கும் சிக்கலாயிற்று. விடுதி இல்லாத இடத்திலும் இச்சிக்கல் எழுவதால், பாதுகாக்கப்பட வேண்டிய இயற்கைக்குள் மனிதருக்கு இடமுண்டா என்பதே அடிப்படை வினா என்பது தெளிவாகிறது.

மண்ணிலிருந்து எழும் மறுப்பு

லிசார்டு தீவின் ஆளற்ற தோற்றத்தை மறுக்கும் வலுவான சான்று அண்மையில் கிடைத்துள்ளது. நீலக் காயலின் அலையிடைப் பரப்பில் பானை ஓட்டுச் சில்லுகள் ஏற்கெனவே காணப்பட்டிருந்தன; அவற்றின் காலம் உறுதிப்படவில்லை. பின்னர் டிங்கால், ஙுருமுங்கு சமூகத்தினரும் தொல்லியலாளர்களும் இணைந்து தீவின் சிப்பி மேடொன்றை அகழ்ந்தனர். ஷான் உல்ம், இயன் மெக்நிவன் முதலியோர் 2024இல் வெளியிட்ட முடிவுகளின்படி, 2 மீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற அவ்வகழ்வில் 82 பானை ஓடுகள் கிடைத்தன. அவை ஏறத்தாழ 3000 முதல் 2000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. மண்ணும் கலப்புப் பொருளும் உள்ளூரைச் சார்ந்தவை என்பது பகுப்பாய்வில் தெரியவந்தது. தீவில் மனிதர் வாழ்ந்ததற்கான தடயமோ 6000 ஆண்டுகளுக்கும் முற்பட்டது.

ஆஸ்திரேலியப் பழங்குடியினர் மட்பாண்டம் செய்தறியாதவர் என்ற நெடுநாள் கருத்தை இம்முடிவு மாற்றியது. பப்புவா நியூ கினியின் தென்கரை, டோரஸ் நீரிணை, குயின்ஸ்லாந்து ஆகிய பகுதிகளின் மக்கள் பவளக்கடல் வழியே தொடர்பு கொண்டிருந்தனர் என்ற கருத்துக்கும் இது வலுச்சேர்க்கிறது. சுற்றுலா எழுத்துகள் உலகின் விளிம்பாகக் காட்டும் தீவு, கடலோடிகளின் வலைப்பின்னலில் ஒரு முடிச்சாக விளங்கியிருக்கிறது. 1770இல் குக் கண்ட சிப்பிக் குவியல்கள் இந்நெடும் வரலாற்றின் மேற்பரப்பே. அவர் பார்த்துக் கடந்து சென்றதை அறிந்துகொள்ள 250 ஆண்டுகள் ஆயின.

கடலிலிருந்து எழும் மறுப்பு

தனிமைக்கான இரண்டாவது மறுப்பு கடலிலிருந்து வருகிறது. 2014 ஏப்ரலில் இட்டா, 2015 மார்ச்சில் நேத்தன் ஆகிய புயல்கள் தீவைத் தாக்கின. விடுதி மூடப்பட்டுச் சீரமைப்புக்குப் பின் திறக்கப்பட்டது. ஆனால் பவளங்களுக்கு அத்தகைய மீட்சி எளிதன்று. 2016இல் கடல்நீர் வெப்பமடைந்ததால் நிகழ்ந்த வெளிறல் பவளத்திட்டின் வடபகுதியைக் கடுமையாகத் தாக்கியது. 2017, 2020, 2022, 2024 ஆகிய ஆண்டுகளிலும் பெருந்திரள் வெளிறல்கள் தொடர்ந்தன. 2024ஆம் ஆண்டு நிகழ்வுக்குப் பின் லிசார்டு தீவின் திட்டுகள் சிலவற்றை ஆளில்லா வானூர்திப் படங்களின் வழி ஆராய்ந்தோர், அப்பரப்புகளில் பவள இறப்பு சராசரியாக 92 விழுக்காடு எனக் கணக்கிட்டனர்.

இத்திட்டுகள் உலகின் மிகச் சிறந்த முறையில் நிருவகிக்கப்படும் கடல் பூங்காவினுள் இருப்பவை. மீன்பிடித்தடையும் நுழைவுக் கட்டுப்பாடும் கடல்நீரின் வெப்பத்தைத் தடுப்பதில்லை. தொலைவில் எரிக்கப்படும் நிலக்கரியிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் இத்தீவைப் பிரித்துவைக்க எந்த எல்லைக்கோட்டாலும் இயலவில்லை. விமானத்தில் வந்து தங்குவோரின் பயணமும் அவ்வெரிபொருளையே சார்ந்துள்ளது என்பது இச்சிக்கலின் மற்றொரு கூறு.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன தெளிவாகின்றன. லிசார்டு தீவின் தனிமை, 6000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட மனித வரலாற்றில் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் உருவானதாகும். கடலட்டை வணிகம் அங்கு மோதலைக் கொணர்ந்தது. பழிவாங்கும் வன்முறையும் கட்டாய இடப்பெயர்வும் மக்களை அகற்றின. பூங்காச் சட்டங்கள் அந்த ஆளின்மையை இயற்கையின் இயல்பாக நிலைநிறுத்தின. சுற்றுலா அதற்கு விலை குறித்தது.

பாதுகாப்புச் சட்டங்களோ விடுதியோ தேவையற்றவை என்பது இதன் பொருளன்று. தீவின் வரலாற்றை மறைக்காமல் இயற்கையைப் பாதுகாக்க முடியும் என்பதற்கு, டிங்கால், ஙுருமுங்கு மக்கள் பங்குதாரர்களாக இணைந்த அகழாய்வே சான்று. ஜீகுரு என்னும் பெயர் இன்று ஆய்வுத் தலைப்புகளில் மீண்டும் இடம்பெறுகிறது. சுற்றுலா எழுத்துகளிலும் அது உரிய இடத்தைப் பெறுமாயின், அங்குச் சென்று தங்குவோர் ஆளற்ற கடற்கரை ஒன்றில் அன்றி, உரியவர்களைக் கொண்ட ஒரு கடற்கரையில் விருந்தினராக நிற்பதை உணர்வர். கடல்சார் சரணாலயங்களின் வரலாற்றை எழுதுவோர், அங்கு எவை பாதுகாக்கப்பட்டன என்பதோடு, அதன் பொருட்டு எவர் வெளியேறினர் என்பதையும் ஒருசேர வினவுதல் வேண்டும்.